கால் எலும்ப எடுத்து தாடை கட்டுற ஆபரேஷன்: மும்பைல நம்ம வீட்டாளுங்க என்னென்ன பாத்துக்கணும்

தாடைய எடுத்துட்டு அந்த இடத்துல கால் எலும்ப வைக்கப் போறோம்னு டாக்டர் சொன்னதும் பாதிப் பேருக்கு காது அடைச்சுப் போயிடும், அதுக்கப்புறம் அவர் ஹிந்தில சொல்றது எதுவும் மண்டைல ஏறாது. தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர்னு நம்ம ஆளுங்க வீட்ல இந்தப் பேச்சு வந்தா யாராவது எனக்கு போன் போடுறாங்க, எங்க சித்தப்பாவுக்கு இந்த ஆபரேஷன் நடந்தப்போ கூடவே இருந்தது நான்தான்கறதால. ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றத இங்க மொத்தமா எழுதிடறேன். நான் டாக்டர் கிடையாது, உங்க டாக்டர் வேற மாதிரி சொன்னா அவர் சொல்றபடியே செய்யுங்க.

முதல்ல ஒண்ணு மனசுல ஏத்திக்கங்க. எல்லாரும் இத எலும்பு ஆபரேஷன்னு நினைக்கறாங்க, ஆனா இதுல உசுரு இருக்கறது ரத்தக்குழாய்ல. வெறும் எலும்பத் துண்டா வெட்டி வச்சா, பெரிய இடைவெளில, அதுவும் ரேடியேஷன் வாங்கப்போற வாய்ல, அது நிக்காது. அதனால கால்ல இருந்து எலும்பு, அதுக்கு ரத்தம் குடுக்கற குழாய், வேணும்னா மேல இருக்கற தோல் எல்லாத்தையும் ஒண்ணா எடுத்து, செடிய வேர்மண்ணோட பேத்து வேற இடத்துல நடுற மாதிரி, தாடைல வச்சு குழாய கழுத்துல ஓடுற குழாயோட தச்சு விடறாங்க. அந்தக் குழாய் ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் இருக்கும், மைக்ரோஸ்கோப் வச்சு தலைமுடிய விட மெல்லிசான நூல்ல தைக்கணும். இனி நான் சொல்றது முக்கால்வாசி, புகையில விடுறதுலேர்ந்து கழுத்துல கயிறு கட்டக்கூடாதுங்கற வரைக்கும், அந்தக் குழாய் அடைச்சுக்காம இருக்கத்தான்.

எந்த எலும்புங்கறதும் தெரிஞ்சுக்கங்க, எங்க சித்தி டாக்டர்கிட்ட கேட்ட முதல் கேள்வியே "கால் எலும்ப எடுத்துட்டா இவுக எப்படி தம்பி நடப்பாவ?"ங்கறதுதான். முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்கு. முன்னாடி கைல தட்டுப்படுற தடியான எலும்பு டிபியா, நம்ம எடைய பெரும்பாலும் தாங்கறது அதுதான். வெளிப்பக்கம் ஒல்லியா ஓடுறது ஃபிபுலா. எடுக்கறது ஃபிபுலாவ, அதையும் முழுசா எடுக்க மாட்டாங்க, முழங்கால் பக்கம் ஆறேழு சென்டிமீட்டர், கணுக்கால் பக்கம் ஆறேழு சென்டிமீட்டர் விட்டுட்டு நடுவுல இருக்கறத எடுப்பாங்க, கணுக்கால் ஆடாம நிக்கறதுக்கு அந்தக் கீழ்த்துண்டு வேணும். பெரியவங்களுக்கு 20, 25 சென்டிமீட்டர் வரைக்கும் கிடைக்கும், காதுக்குப் பக்கத்துலேர்ந்து மறுபக்கம் வரைக்கும் தாடை கட்ட இந்த நீளம் வேற எந்த எலும்புலயும் சுலபமா வராது. நேரான எலும்ப ரெண்டு மூணு இடத்துல ஆப்பு மாதிரி வெட்டி மடக்கி தாடை வளைவுக்குக் கொண்டு வந்து டைட்டானியம் பிளேட், ஸ்க்ரூ போட்டு நிறுத்துவாங்க.

நம்ம ஆளுகிட்ட புதுசா எதையோ சோதிச்சுப் பாக்கறாங்களோன்னு பயப்படாதீங்க. ரத்தக்குழாயோட ஃபிபுலாவ இடம் மாத்தறத 1975ல ஆஸ்திரேலியாவுல இயன் டெய்லர் கால் எலும்பு சேதத்துக்கு செஞ்சு எழுதினாரு, தாடைக்கு அத கொண்டு வந்தது நியூயார்க்ல டேவிட் ஹிடால்கோ, 1989ல. இப்போ பரேல் டாடா மெமோரியல் மாதிரி பெரிய கேன்சர் ஆஸ்பத்திரிகள்ல இது வாடிக்கையா நடக்கற ஆபரேஷன், பழக்கமான டீம் கைல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு வாக்குல பிடிச்சுக்கும்.

எல்லாருக்கும் இதுதான்னு இல்ல

வாய் கேன்சர்ல தாடையும் பாதிச்சவங்கதான் இங்க அதிகம். அது இல்லாம அமெலோபிளாஸ்டோமான்னு ஒரு தாடைக் கட்டி இருக்கு, கேன்சர் இல்லன்னாலும் எலும்ப அரிச்சிடும், சின்ன வயசு ஆளுங்களுக்கும் வரும். ரேடியேஷனுக்கு அப்புறம் எலும்பு செத்துப் போனவங்க, ஆக்சிடென்ட்ல தாடை போனவங்க, 2021ல கொரோனாவோட வந்த கறுப்புப் பூஞ்சைல மேல்தாடைய இழந்தவங்க, இவங்களுக்கும் ஃபிபுலா வைக்கறாங்க.

ஆனா தாடைல எந்த இடம் போகுதுங்கறது ரொம்ப முக்கியம். முன்பக்கம், முகவாய்க்கட்டை இருக்கற இடம் போச்சுன்னா எலும்பு வச்சே ஆகணும், இல்லன்னா கீழ் உதடு தொங்கி எச்சில் ஒழுகும், நாக்கு பின்னாடி சரிஞ்சு மூச்சுக்கே தொந்தரவு. பின்பக்க ஓரத்துல கொஞ்சம் போனா, அதுவும் வயசானவரு, ஹார்ட் வீக், சுகர்னால கால் குழாய் கெட்டிருக்குன்னா, எலும்பே வைக்காம நெஞ்சு சதையோ தொடை சதையோ மட்டும் வச்சு மூடிடுவாங்க, சின்ன ஆபரேஷன், சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். அப்படி சொன்னாங்கன்னா ஏழைன்னு நமக்கு மட்டமா பண்றாங்கன்னு சண்டைக்குப் போகாதீங்க, பல பேருக்கு அதுதான் சரியான முடிவு. "எலும்பு வச்சா என்ன கூடுது, வைக்கலன்னா என்ன குறையுது"ன்னு நேரா கேளுங்க, நல்ல டாக்டரா இருந்தா உக்கார வச்சு படம் போட்டுக் காட்டுவாங்க. இடுப்பு எலும்பு, தோள்பட்டை எலும்புன்னு வேற வழியும் இருக்கு, கால் ஆகாதவங்களுக்கு.

ஆபரேஷனுக்கு முன்னாடி

காலுக்குள்ள ஓடுற குழாய பாக்க சிடி ஆஞ்சியோவோ கலர் டாப்ளரோ எழுதித் தருவாங்க. முழங்காலுக்குக் கீழ மூணு குழாய் பாதத்துக்குப் போகுது, அதுல பெரோனியல்ங்கற ஒண்ணு ஃபிபுலாவோட போயிடும், மீதி ரெண்டும் பாதத்தக் காப்பாத்தணும். சில பேருக்கு பிறவியிலயே அந்த ரெண்டும் சரியா வளராம பெரோனியல்தான் பாதத்துக்கே சோறு போடும், அந்தக் கால்ல கை வச்சா பாதம் போயிடும். அதனால ஸ்கேன் எதுக்குன்னு காசக் கணக்குப் பாக்காதீங்க. கால்ல பழைய எலும்பு முறிவு, உள்ள ராடு, நரம்பு சுருட்டல், ஆறாத புண், கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடிச்சு நின்னுடறது, இதெல்லாம் இருந்தா கேக்காமலே சொல்லிடணும். எந்தக் கால்னு முடிவானதுக்கு அப்புறம் அந்தக் கால்ல யாரும் ஊசி, ட்ரிப் போடாமப் பாத்துக்கங்க, டூட்டி மாறி வர்ற ஆளுக்குத் தெரியாமப் போகலாம்.

புகையில. நம்ம ஊர்க்காரங்க பீடி சிகரெட் மட்டும்தான் புகையிலன்னு நினைக்கறாங்க, டாக்டர் கேட்டா "சிகரெட்லாம் இல்ல சார்"னு சொல்லிட்டு வந்துடுவாங்க. மாவா, சுண்ணாம்பு தேச்ச தம்பாக்கு, வெத்தலையோட போடுற புகையில எல்லாமே கணக்குதான், காலைல பல்லு தேய்க்கற மிஷ்ரி கூட வறுத்த புகையிலதான், நம்ம பொம்பளையாளுங்க கூட இங்க வந்து அதப் பழகிட்டாங்க. குட்காவ மகாராஷ்டிராவுல 2012லயே தடை பண்ணிட்டாங்க, ஆனாலும் எங்க கிடைக்கும்னு வாங்கறவங்களுக்குத் தெரியும். நிகோடின் சின்ன ரத்தக்குழாய சுருக்கும், நம்ம தச்சு விட்ட ரெண்டு மில்லிமீட்டர் குழாயும் அதுல அடக்கம். முடிஞ்சா நாலு வாரம் முன்னாடியே நிறுத்தணும், அவ்வளவு டைம் இல்லன்னா இன்னிக்கே நிறுத்தணும். நிகோடின் சூயிங்கம், பேட்ச் ஆரம்பிக்கறதா இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு, அதுலயும் நிகோடின் இருக்கு. வார்டுக்கு வெளிய நிக்கற மச்சான் பாசத்துல ஒரு பாக்கெட்ட உள்ள கடத்துவாரு, அவரையும் தனியா கூப்பிட்டு சொல்லி வைங்க.

பல் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டியே ஆகணும். பின்னாடி ரேடியேஷன் இருந்தா ஆடுற பல்லு, சொத்தைப் பல்ல இப்பவே எடுத்துடறது நல்லது, ரேடியேஷனுக்கு அப்புறம் அந்த இடத்துல பல்லு பிடுங்கினா எலும்பு ஆறாம செத்துப் போற ஆபத்து இருக்கு.

பணம். மகாராஷ்டிரா ரேஷன் கார்டு இருந்தா, மகாத்மா ஜோதிராவ் ஃபுலே ஜன ஆரோக்கிய திட்டம்ங்கற அரசாங்க மருத்துவ உதவித் திட்டத்துல வருமான்னு அட்மிட் ஆகறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரில அதுக்குன்னு இருக்கற கவுன்ட்டர்ல கேளுங்க, அட்மிட் ஆனப்புறம் ஓடினா வேலை ரெட்டிப்பு. ஊர்ல தமிழ்நாடு கார்டு வச்சுக்கிட்டு இங்க வேலை பாக்கறவங்க ரெண்டு பக்கமும் விசாரிச்சுக்கங்க. பெரிய ஆஸ்பத்திரிகள்ல மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர்னு ஒரு ஆள் இருப்பாங்க, ட்ரஸ்ட் உதவி, தங்கற இடம் எல்லாம் அவங்க மூலமாத்தான் நகரும். பிளேட் இந்திய கம்பெனியா வெளிநாடா, 3டி பிரின்ட் பண்ணின மாடல் வச்சு வெட்டப் போறாங்களா, இதுலதான் பில்லு ஏறும். மாடல் இல்லாமலும் கை அனுபவத்துலயே அருமையா செய்யற சர்ஜன்கள் இருக்காங்க, அதனால அது இல்லன்னா போச்சுன்னு வட்டிக்கு வாங்காதீங்க.

இன்னொரு வேலை, இதுக்கு ஒரு பைசா ஆகாது. ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள் தொண்டைல ஓட்டை போட்டு டியூப் வச்சிருக்கலாம், அப்போ பேச்சு வராது. ஐசியுல சிஸ்டருங்க மராத்தியோ மலையாளமோ பேசுவாங்க, நம்ம ஆளு தமிழ்ல எழுதிக் காட்டினா யாருக்குப் புரியும்? ஒரு அட்டைல வலி, மூச்சு முட்டுது, சளி எடுக்கணும், தாகம், கால் மரத்துப் போச்சு, திரும்பிப் படுக்கணும், பாத்ரூம்னு படம் வரைஞ்சு, கீழ தமிழ்லயும் ஹிந்தியிலயும் எழுதி, நோயாளிக்கு முன்னாடியே காட்டிப் பழக்கிடுங்க. கேரளா சிஸ்டர் டூட்டில இருந்தா அட்டையே வேண்டாம், வாயசைவுலயே பாதி புரிஞ்சுக்குவாங்க.

ஆபரேஷன் அன்னிக்கும் அடுத்த மூணு நாளும்

எட்டு மணி நேரம், பத்து மணி நேரம், சில சமயம் அதுக்கும் மேல. ஒரு டீம் வாய்ல கட்டிய எடுக்கும்போதே இன்னொரு டீம் கால்ல வேலை பாக்கும். காலைல உள்ள போனவர் ராத்திரி வரைக்கும் வரலன்னா ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தமில்ல. வெளிய உக்காந்திருக்கறவங்க மாத்தி மாத்தி சாப்பிட்டுடுங்க, கையெழுத்து போடுற ஆள் மட்டும் இடத்த விட்டு நகரக்கூடாது.

பிரச்சனை வந்தா பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு நாள்லதான் வரும். அதனால சிஸ்டர் மணிக்கொரு தடவ வந்து டார்ச் அடிச்சு வாய்க்குள்ள வச்ச தோல விரலால அழுத்தி விட்டுப் பாப்பாங்க, வெளுத்துட்டு ரெண்டு மூணு செகண்ட்ல நிறம் திரும்பணும். நம்ம நிறத்துக்கு அது லேசுல தெரியாது, கால்ல மிச்சமிருக்கற தோலோட ஒப்பிட்டுப் பாக்கணும். சில சமயம் ஊசியால லேசா குத்திப் பாப்பாங்க, பளிச்சுன்னு சிவப்பு ரத்தம் ஒரு சொட்டு வந்தா நல்லது. கருநீலமா சடக்குன்னு வந்து, தோலும் ஊதா கலர்ல உப்பினா, வெளிய போற குழாய் அடைச்சிருக்கு. வெளிறிப் போய், ஜில்லுன்னு, குத்தினாலும் ரத்தமே வரலன்னா உள்ள வர்ற குழாய் அடைச்சிருக்கு. ரெண்டுலயும் திரும்ப தியேட்டருக்கு ஓடணும், எவ்வளவு சீக்கிரம் ஓடுறாங்களோ அவ்வளவு காப்பாத்தலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு திரும்ப கையெழுத்துக் கேட்டா, காலைல பெரிய டாக்டர் வரட்டும், அண்ணன் ஊர்லேர்ந்து வரட்டும்னு இழுக்காதீங்க.

கழுத்து விஷயத்துக்கு வர்றேன், இத எல்லா வீட்லயும் கத்தி சொல்ல வேண்டியிருக்கு. தச்ச குழாய் கழுத்துல தோலுக்கு அடியில போகுது, மேல எதாவது இறுக்கினா நசுங்கிடும். இந்த மாதிரி கேஸ்ல தொண்டை டியூபக் கூட பல இடத்துல நாடா போட்டு கழுத்துல கட்டாம தோல்லயே தச்சு வைக்கறாங்க. அப்படி இருக்கும்போது ஊர்லேர்ந்து வந்த பெரியம்மா கோயில் கறுப்புக் கயிற மந்திரிச்சுக் கொண்டு வந்து கழுத்துல கட்டிட்டுப் போவாங்க, மாஹிம் தர்காவுல வாங்கின தாயத்த இன்னொருத்தர் கட்டுவாரு. மனசு நோகாம வாங்கி தலையணைக்கு அடியில வச்சுடுங்க, இல்ல கைல கட்டுங்க. பொம்பளைங்கன்னா தாலிக்கயிறு, செயின் எல்லாம் முன்னாடியே கழட்டி வீட்ல வச்சுடணும். ஆக்சிஜன் மாஸ்க் எலாஸ்டிக், குளிருதுன்னு சுத்துற மஃப்ளர், கவுன் நாடா, எதுவும் கழுத்துல இறுகக்கூடாது. தலைய டாக்டர் வச்ச பக்கமே வச்சிருக்கணும், எந்தப் பக்கம் திருப்பக்கூடாதுன்னு கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி கட்டில் தலைமாட்டுல ஒட்டிடுங்க.

கால் பக்கமும் கண்ணு இருக்கட்டும். கட்டுக்குள்ள கால் தாங்க முடியாம வலிச்சு, விரல அசைச்சா உயிர் போற மாதிரி இருந்தா, விரல் மரத்து ஜில்லுன்னு ஆனா, "ஆபரேஷன் பண்ணினா வலிக்கத்தானே செய்யும்"னு விடாதீங்க, உடனே கூப்பிட்டுக் காட்டுங்க, கட்டு இறுக்கமா இருக்கலாம், உள்ள அழுத்தம் ஏறியிருக்கலாம். தோல் அகலமா எடுத்திருந்தா கால் புண்ண மூட தொடைலேர்ந்து மெல்லிசா தோல் சீவி வச்சிருப்பாங்க. பல பேருக்கு தாடைய விட, கால விட, அந்த தொடைதான் எரியும். அங்க ஒட்டியிருக்கற கட்டுத் துணிய பிய்க்காதீங்க, ஆற ஆற தானா உதிரும்.

சாப்பாடு

வாய்க்குள்ள தையல் ஆற வரைக்கும், ஒரு வாரம் பத்து நாளோ, முன்னாடியே ரேடியேஷன் வாங்கினவங்களுக்கு இன்னும் அதிகமோ, மூக்கு டியூப்லதான் சாப்பாடு. டயட்டீஷியன் அளவு எழுதித் தருவாங்க. நம்ம வீட்ல செய்யறது ராகிக் கஞ்சி, பருப்புத் தண்ணி, பால்ல கலக்கற புரோட்டீன் பவுடர், நல்லா அடிச்சு வடிகட்டின சிக்கன் சூப். எல்லாத்தையும் மெல்லிசு வெள்ளைத் துணில வடிகட்டணும், டீ வடிகட்டி போதாது, ஒரு சீரகம் போனாலும் டியூப் அடைக்கும், மாத்திரைய நைசா பொடியா நுணுக்கணும். முதுகு சாய்வா உக்கார வச்சு, ஊத்துறதுக்கு முன்னாடி டியூப்ல போட்டிருக்கற அடையாளம் மூக்குகிட்ட அதே இடத்துல இருக்கான்னு பாத்து, மெதுவா விட்டு, முடிச்சதும் தண்ணி விட்டுக் கழுவி, ஒரு மணி நேரமாவது படுக்க விடாம வச்சிருங்க. ஊத்தும்போது இருமல் வந்தாலோ மூச்சு திணறினாலோ உடனே நிறுத்திடணும். டியூப் வெளிய வந்துட்டா நீங்களா உள்ள தள்ளாதீங்க.

வீட்டுக்கு வந்தப்புறம்

மறுநாள்லேர்ந்தே கால் விரல அசைக்கச் சொல்வாங்க, ஒட்டுத் தோல் பிடிச்சதப் பாத்துட்டு வாக்கர் வச்சு நிக்க வைப்பாங்க, அது டாக்டருக்கு டாக்டர் நாலஞ்சு நாள் முன்ன பின்ன இருக்கும். சித்தி கேட்ட கேள்விக்கு பதில் இதுதான்: நடப்பாங்க. கொஞ்ச நாள் கம்பு ஊனி, ரெண்டு மூணு மாசத்துல பெரும்பாலானவங்க சாதாரணமா நடந்துடறாங்க. கட்டை விரல மடக்க முடியாம இருக்கறது, கணுக்கால் பிடிச்சுக்கறது, காலோட வெளிப்பக்கம் மரத்த மாதிரி இருக்கறது, இதெல்லாம் சில பேருக்குத் தங்கும். பிசியோ சொல்லிக் குடுத்தத தினமும் செஞ்சா கணுக்கால் பிடிப்பு நல்லா குறையும், வலிக்குதுன்னு விட்டா இறுகிடும்.

ஆனா பிசியோ சொல்றது சம தரைக்கு. நம்ம தாராவி வீட்ல மாடி ரூமுக்கு செங்குத்தா இரும்பு ஏணிதான், டாய்லெட்டு வெளிய, அதுவும் குத்த வச்சு உக்கார்றது. டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே இத பிசியோகிட்ட சொல்லிடுங்க. ரெண்டு மாசத்துக்கு கீழ் ரூம யாருகிட்டயாவது மாத்திக்க முடிஞ்சா மாத்திக்கங்க, இல்ல சொந்தக்காரங்க வீடு கீழ இருந்தா அங்க. நடுவுல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கமோட் சேர் மெடிக்கல் கடைல கிடைக்கும், வாடகைக்கும் தர்றாங்க. சாதா படிக்கட்டுல ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சா, நெஞ்சு வலியோ மூச்சு வாங்கறதோ வந்தா நேரா எமர்ஜென்சி, ரத்தக்கட்டியா இருக்கலாம்.

கழுத்துத் தையல் வழியா எச்சில் கசியறது, நாத்தம், காய்ச்சல், பிளேட் வெளிய தெரியறது, இதுக்கெல்லாம் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. கொஞ்சமா ரத்தம் வந்தாலும் போய்க் காட்டுங்க. ஒரு விஷயத்துக்கு மட்டும் பயப்படாதீங்க: கால் தோல் வாய்க்குள்ள இருக்கறதால அதுல முடி வளரும். சித்தப்பா கண்ணாடில அதப் பாத்துட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. ஓபிடில சின்ன கத்திரி வச்சு வெட்டி விடுவாங்க, ரேடியேஷன் குடுத்தா பெரும்பாலும் நின்னுடும்.

கேன்சருக்குன்னா ரேடியேஷன் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்னு பாப்பாங்க, அதனால டிஸ்சார்ஜ் ஆனதும் ஊருக்குப் போய் ரெண்டு மாசம் இருந்துட்டு வர்றோம்னு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போடாதீங்க, இங்கயே இருங்க. எல்லாம் முடிஞ்சு ஊருக்குப் போய் வர்றப்போ கேன்சர் நோயாளிக்கு ரயில் டிக்கெட்ல சலுகை உண்டு, ஆஸ்பத்திரில ஃபார்ம் வாங்கி சீல் போட்டு கவுன்ட்டர்ல குடுக்கணும். லோக்கல்ல திவ்யாங் டப்பாவுல கேன்சர் நோயாளிங்க ஏறலாம், ஆஸ்பத்திரி பேப்பர் கைல இருக்கட்டும், தாடை வீங்கியிருக்கறதப் பாத்தும் பேப்பர் கேக்கற ஆளு அதுல உக்காந்திருப்பாரு.

வாய் திறக்கற பயிற்சிய டாக்டர் ஆரம்பிக்கச் சொன்னதும் விடாம செய்யணும், ரேடியேஷன்ல வாய் இன்னும் இறுகும். ஐஸ்கிரீம் குச்சிகள அடுக்கி பல்லுக்கு நடுவுல வச்சு, சில நாளைக்கு ஒரு தடவ ஒரு குச்சி கூட்டிக்கிட்டே போவாங்க. எலும்பு எலும்போட சேர மாசக் கணக்கு ஆகும், அது வரைக்கும் குழைஞ்ச சாதம், இட்லி, முட்டைன்னு மெதுவானதுதான், முறுக்கெல்லாம் கண்ணால பாத்துக்க வேண்டியதுதான்.

பல்லு கட்டுறது கடைசி வேலை. ஃபிபுலாவுல இம்ப்ளான்ட் ஸ்க்ரூ நல்லா நிக்கும், ஆனா அந்த எலும்பு உயரம் கம்மி, பக்கத்து தாடைய விட தாழ்வா இருக்கும். சின்ன வயசுக்காரங்களுக்கு சில சமயம் எலும்ப ரெண்டா மடிச்சு அடுக்கி உயரத்த சரி பண்ணுவாங்க, அத முதல் ஆபரேஷன்லயே யோசிச்சாத்தான் உண்டு. அதனால பின்னாடி பல்லு கட்டணும்னு ஆசை இருந்தா முதல் நாளே பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட வாய் விட்டு சொல்லிடுங்க. கேன்சர் கேஸ்ல கட்டி திரும்ப வரலன்னு உறுதியாகட்டும்னு பெரும்பாலும் ஒரு வருஷமாவது தள்ளிப் போடுவாங்க, அந்த இடைவெளில செக்கப்ப மட்டும் தவற விடாதீங்க.